கடைசி அரை மாத்திரை ஏன் இவ்வளவு கடினம்?

பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் அரை மில்லிகிராம் மாத்திரையைப் பல மாதங்களாக இரவில் எடுத்துவரும் ஒருவர், மனம் தெளிந்துவிட்டது என்று தோன்றவே, ஒருநாள் அதை அடியோடு நிறுத்திவிடுகிறார். அன்றிரவு தூக்கம் வருவதில்லை. மறுநாள் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, சமையலறையில் தட்டு விழும் ஓசையைக்கூடத் தாங்க முடிவதில்லை. மூன்றாம் நாள் மாத்திரையை மீண்டும் போட்டுக்கொண்டதும் சிறிது நேரத்திலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. பழைய நோய் போகவே இல்லை, இது இல்லாமல் இனி இருக்க முடியாது என்று அவரும் வீட்டாரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. அந்த நாட்களில் அவர் பட்ட அவதியில் பெரும்பகுதி, மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட மூளை, மருந்து திடீரென விலகியதும் காட்டிய எதிர்வினைதான்.

அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டையசெபம் ஆகிய அனைத்தும் பென்சோடையசெபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டையசெபாக்சைடு 1960இலும், அடுத்து வந்த டையசெபம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. இவை செயல்படும் இடம், நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள காபா-ஏ என்னும் ஏற்பி. மூளையின் இயல்பான தடுப்பு வேதிப்பொருளான காபா இந்த ஏற்பியில் வந்து அமரும்போது அதன் நடுவிலுள்ள வாயில் திறந்து, எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் அந்த நரம்பணு எளிதில் கிளர்ச்சியடையாமல் அமைதிப்படுகிறது. பென்சோடையசெபைன் அந்த வாயிலைத் தானாகத் திறப்பதில்லை. ஏற்பியின் வேறோர் இடத்தில் அமர்ந்து, காபா வரும்போது வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. பதற்றம் தணிவது, தூக்கம் வருவது, தசை இறுக்கம் தளர்வது, வலிப்பு அடங்குவது ஆகிய நான்கும் இந்த ஒரே செயலின் விளைவுகள்.

நாள்தோறும் இப்படி வெளியிலிருந்து அமைதி வந்துகொண்டிருந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. தராசின் ஒரு தட்டில் எடை கூடினால் மறு தட்டிலும் எடை வைத்து முள்ளை நேராக்குவதுபோல, அது ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்துக்கொண்டு, மறுபுறம் கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட் அமைப்பை வலுப்படுத்துகிறது. முதல் வாரங்களில் நன்றாகத் தூங்கவைத்த அளவு பிறகு போதாமல்போவது இதனால்தான். மருந்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் ஒரு தட்டின் எடை மட்டுமே நீங்குகிறது. மூளை செய்துகொண்ட மாற்றங்கள் அப்படியே நிற்கின்றன. அவை தளர்வதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் தடுப்பாரற்று எழும் கிளர்ச்சியே தூக்கமின்மையாகவும், நடுக்கமாகவும், ஒளியும் ஒலியும் பொறுக்காத நிலையாகவும், சிலரிடம் உயிருக்கே ஆபத்தான வலிப்பாகவும் வெளிப்படுகிறது.

இது மிக முன்னதாகவே தெரிந்த செய்தி என்பதுதான் வருத்தம். லியோ ஹாலிஸ்டர் என்னும் அமெரிக்க மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், குளோர்டையசெபாக்சைடை மிக உயர்ந்த அளவில் பல மாதங்கள் எடுத்துவந்த 11 பேருக்குத் திடீரென மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. 10 பேருக்குப் புதிய அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. உயர்ந்த அளவு என்பதால்தான் இப்படி ஆயிற்று என்ற எண்ணம் நெடுநாள் நீடித்தது. 1981இல் லண்டனில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர்கள் பெட்டூர்சன், மால்கம் லேடர் இருவரும், மருத்துவர் சொன்ன வழக்கமான அளவையே நீண்டகாலம் எடுத்துவந்த 16 பேரிடம் மருந்தை விலக்கிப் பார்த்தபோது, அனைவருக்குமே ஏதாவதொரு விதத்தில் விலகல் அறிகுறிகள் இருந்தன. அவர்கள் கண்ட மற்றொன்று இதைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன்: மருந்து விலகும்போது ஏறிய பதற்றம், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலோரிடம் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய நோய் திரும்பியிருந்தால் அது தானாக இப்படி ஏறி இறங்கியிருக்காது.

மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய அல்பிரசோலத்துக்கு ஏறத்தாழ 11 மணி நேரமும், குளோனசெபத்துக்கு 30 முதல் 40 மணி நேரமும் ஆகும். டையசெபத்திலிருந்து உடலில் உருவாகும் துணைப்பொருளோ சில நாட்கள் தங்கக்கூடியது. அல்பிரசோலம் எடுப்பவர்களில் சிலர் அடுத்த வேளைக்கு முன்பே பதறத் தொடங்குவதன் காரணம் இந்த வேகமான இறக்கமே. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளிலிருந்து விடுபடுவோருக்கான சிகிச்சையகத்தை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், நோயாளிகளைப் படிப்படியாக டையசெபத்துக்கு மாற்றிப் பிறகு குறைக்கும் முறையைக் கையாண்டார். அவருடைய அட்டவணைப்படி, அரை மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் டையசெபத்துக்குச் சமம். வேறு அட்டவணைகளில் இந்தக் கணக்கு மாறுபடுகிறது; முதியவர்களுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் டையசெபம் உடலில் தேங்கிவிடும். ஆகவே இந்த மாற்றத்தை எவரும் வீட்டிலிருந்தபடி தாமாகச் செய்துகொள்ளக் கூடாது.

இனி, தலைப்பில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மருந்தின் அளவும் அது பிடித்திருக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கையும் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. ஓர் அலகு மருந்து ஏற்பிகளில் பாதியைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், எளிய பிணைப்பு விதிப்படி 2 அலகுகள் 67 விழுக்காட்டையும், 3 அலகுகள் 75 விழுக்காட்டையும், 4 அலகுகள் 80 விழுக்காட்டையும் பிடிக்கும். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறவரின் மூளை 5 விழுக்காடு மாற்றத்தை மட்டுமே உணர்கிறது. ஒன்றிலிருந்து சுழியத்துக்கு இறங்குகிறவரோ ஒரே தாவலில் 50 விழுக்காட்டை இழக்கிறார். தாளில் இரண்டும் ஓர் அலகுதான். "இவ்வளவு குறைத்தாயிற்று, மிச்சம் இருப்பது அரை மாத்திரைதானே" என்று அதையும் நிறுத்திவிடுகிறவர் தடுமாறுவதற்கு மனவுறுதிக் குறைவு காரணமல்ல. கடைசிப் படி மற்ற எல்லாப் படிகளையும்விட உயரமானது.

எனவேதான் குறைப்பை முதலில் தொடங்கிய அளவைக் கொண்டு கணக்கிடாமல், அன்றன்று எடுக்கும் அளவின் விழுக்காடாகக் கணக்கிடுவது நல்லது. 2025இல் வெளியான அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டி, தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கலாம் என்றும், எந்த இரண்டு வாரத்திலும் பொதுவாக 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. அளவு குறையக் குறைய மாத்திரையை வெட்டுவது சிரமமாகும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைத்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக வெளிப்பட்டுவிடும் என்பதால், அவற்றை வெட்டவே கூடாது. நம் நாட்டில் மனச்சோர்வுக்கான எசிட்டலோப்ராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது வழக்கம். அதைப் பாதியாக்கினால் இரண்டு மருந்துகளும் பாதியாகும். இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்பதே முதல் வேலை.

குறைக்கும் காலத்தில் ஒரு படியில் அறிகுறிகள் மிகுந்தால், அடுத்த குறைப்பைத் தள்ளிப்போட்டு அதே அளவில் சில வாரங்கள் நிற்கலாம். ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்து எடுப்பது மூளைக்கு நிலைப்பட வாய்ப்பே தருவதில்லை. மதுவும் இதே காபா ஏற்பிகளைத் தொடுவதால், தூக்கத்துக்காக அதை நாடுவது மிக ஆபத்தானது. காபி, டீயின் அளவைக் குறைப்பது பலருக்கு உதவுகிறது. நள்ளிரவில் படபடப்பு எழும்போது, இது விலகலின் அறிகுறி, அலைபோல ஏறி இறங்கும் என்று தெரிந்திருப்பதே பெரும் துணை. அந்த அறிதலை முறையாகப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை மருந்துக் குறைப்போடு சேர்த்துச் செய்யும்போது, முழுமையாக விடுபடுவோர் எண்ணிக்கை கூடுகிறது. ஆனால் வலிப்பு, குழப்பம், இல்லாதவை தெரிவது, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பு வலிப்பு வந்தவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில்தான் குறைக்கத் தொடங்க வேண்டும்.

எல்லோரும் சுழியத்தை எட்டியே தீர வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகளாக எடுத்துவரும் ஒரு முதியவர் பாதி அளவில் நின்றுவிட்டாலும், பகல்நேர மந்தமும் தடுமாறி விழும் ஆபத்தும் அவருக்குக் குறையும். அங்கிருந்து மேலும் இறங்குவதா என்பதைச் சில மாதங்கள் கழித்து மருத்துவரும் அவரும் பேசி முடிவு செய்யலாம்.