இரவு பத்து மணிக்கு அணையும் வாடி விளக்கு

போன கச்சான் காற்றுக் காலத்தில் வெருகல் பக்கம் ஒரு கரைவலை வாடிக்கு, அதாவது மீனவர் கடற்கரையில் தங்கும் கொட்டிலுக்கு, கூப்பிட்டிருந்தார்கள். "தம்பி, பனல் செத்துப்போச்சு, புதுசு ஒன்று பார்த்துத் தாங்க" என்றார் வாடிக்கார ஐயா. மீற்றரை வைத்துப் பார்த்தேன். பனல் 20 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. மேலே படிந்திருந்த மண்ணையும் காக்கை எச்சத்தையும் கழுவிவிட்டால் போதும், இன்னும் பத்து வருடம் உழைக்கும். பற்றரி 10.3 வோல்ற்றில் கிடந்தது, செத்தது அதுதான். அது லொறிப் பற்றரி.

திருகோணமலையில் சோலார் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நான் பார்க்கும் கதை இதுதான். சம்பூரில் நிலக்கரி நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவற் சோலார் நிலையத்துக்குத் தொடக்கம் வைத்தார்கள். நல்லது. ஆனால் அந்தக் கரன்ட் கம்பியில் போவது. கம்பி ஊர் மனைகளோடு நின்றுவிடுகிறது. வாடிக்கும், சேனைக் குடிலுக்கும், மாட்டுப் பட்டிக்கும் இன்னும் சின்ன பனலும் ஒரு பற்றரியும்தான்.

லொறிப் பற்றரி எஞ்சினை இழுத்து எழுப்புவதற்குச் செய்தது. ஒரு நொடிக்குப் பெரிய கரன்ட் கொடுக்கும், உடனே திரும்பச் சார்ஜ் ஏறும். அதற்காக உள்ளே தகடுகளை மெல்லியதாக வைத்திருப்பார்கள். இரவு முழுக்க மெதுவாக உறிஞ்சினால் அந்தத் தகடுகள் தாங்காது. சோலாருக்கென்று வரும் ஈயப் பற்றரியையும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்னும் மோசம்: வெப்பம் 25 பாகையைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும்.

ஐயாவின் வாடியில் இன்னொன்றும் நடந்திருந்தது. பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே இருந்து மின்னைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் பெட்டி இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறது என்று யாரோ ஒரு பொடியன் ஃபேன் வயரை நேரே பற்றரியில் கொழுவியிருந்தான். கொன்ட்ரோலர் அணைப்பது பழுது இல்லை, 'இதற்கு மேல் எடுத்தால் பற்றரி செத்துவிடும்' என்ற எச்சரிக்கை. அதைத் தாண்டிக் கொழுவினால் சில மாதத்தில் கதை முடிந்துவிடும். பனல் பூட்டிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்காமல் போனதுதான் என் கோபம். பொடியனைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, எவ்வளவு வேண்டும்? ஐயாவோடு மணலில் இருந்து கணக்குப் போட்டோம். 5 வற் பல்ப் மூன்று, ஐந்து மணித்தியாலம்: 75. இரண்டு போன்: 30. 15 வற் டீசி ஃபேன், எட்டு மணித்தியாலம்: 120. மொத்தம் 225 வற் மணித்தியாலம். வாடைக் காலத்தில் இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டாலும் ஓட 450 வேண்டும். ஈயத்தில் பாதிதான் எடுக்கலாம் என்பதால் 12 வோல்ற், 100 ஆம்பியர் மணித்தியாலப் பற்றரி வேண்டும், தூக்கவே இரண்டு பேர் தேவை. லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் 50 போதும். உள்ளதில் 80 வீதம் வரை எடுக்கலாம், 2000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், ஒரு கையால் தூக்கித் தோணியில் வைக்கலாம். விலை கூடத்தான். ஆனால் ஈயப் பற்றரியை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

வாங்கும்போது இரண்டு விசயம். கொன்ட்ரோலரில் லித்தியத்துக்கான செற்றிங் இருக்க வேண்டும், ஈயத்துக்குரியதிலேயே விட்டால் பற்றரி கெடும். உள்ளே ஒவ்வொரு செல்லையும் காக்கும் பீஎம்எஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றியெடுத்த பழைய செல்களுக்குப் புது உறை போட்டும் விற்கிறார்கள், எழுத்தில் உத்தரவாதம் இல்லாத எதையும் தொடாதீர்கள்.

அடுத்து சோடியம் பற்றரி வருகிறது. உப்பில் இருக்கிற அதே சோடியம். அதே அளவு மின்னுக்கு லித்தியத்தை விடப் பாரம் கூட, ஆனால் லித்தியம் தேவையில்லை. வாடியில் ஒரு மூலையில் கிடக்கப்போகும் பெட்டிக்குப் பாரம் ஒரு பொருட்டா? கடைக்கு வரட்டும், பார்ப்போம்.

இதைவிட அவசரமான ஒன்று. பழைய பற்றரியை உடைத்து ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பதை ஒரு கரையில் பார்த்தேன், பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். செனகலில் டக்கார் நகரை அடுத்த தியாரோயில் 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் இறந்தது இப்படிப் பழைய பற்றரி ஈயம் மண்ணில் கலந்ததால்தான். ஈயப் புகையும் தூசியும் பிள்ளையின் மூளையைத்தான் முதலில் தாக்கும். அமிலத்தைக் கொட்டாதீர்கள், உடைக்காதீர்கள், நிமிர்த்தி வைத்து அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். நிறைக்குக் காசு தருவார்கள்.

ஐயாவின் லொறிப் பற்றரியை என் வண்டியிலேயே ஏற்றிவந்தேன். அந்தக் காசில் இரண்டு பல்ப் வாங்கி அனுப்பினேன். ஃபேன் வயரை மட்டும் அவரே கழற்றி, கொன்ட்ரோலரில் கொழுவினார்.