காபெட்டுக்குக் கீழே கறள்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் மாரி முடிந்ததும் எங்கள் குஷன் வேலைக் கராஜுக்கு மொறிஸ் மைனர் கார்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்த ஒன்றில், கடந்த ஆண்டு வேறோரிடத்தில் ஒட்டிய புதுக் காபெட்டை உரித்தபோது தளத்தகடும் பொருக்குப் பொருக்காக அதனோடு சேர்ந்து வந்தது. சாரதியின் குதிகால் படும் இடத்தில் நிலம் தெரிந்தது. உரிமையாளர் கேட்டதோ, நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி: "தண்ணி இறங்காத ஷீற் போட்டுத்தானே அண்ணை ஒட்டினது?"

இந்த நம்பிக்கையை யாராவது ஒழித்துத் தந்தால் புண்ணியமாகப் போகும். தண்ணீர் மேலிருந்து காபெட்டின் ஊடாகத்தான் தகட்டை அடைகிறது என்று எண்ணுகிறவர்கள், அது வருகிற வழியை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. முன்கண்ணாடி றப்பர் காய்ந்து வெடித்தால், மழைநீர் டாஷ்போர்டின் பின்புறமாக வழிந்து, காபெட்டின் விளிம்புக்கு அடியால் நேரே தளத்தில் சேரும். கதவு றப்பரால் கசிவதும் அப்படியே. வீதியில் நிற்கும் வெள்ளமோ பெடல் துவாரங்களாலும் இற்றுப்போன தள மூடிகளாலும் கீழிருந்தே ஏறும். ஆகவே நீங்கள் காசு கொடுத்துப் போட்ட ஷீற், உள்ளே வந்த தண்ணீரை வெளியே போகவிடாமல் காவல் காக்கிறது. மேலே தடவினால் உலர்ந்திருக்கும். அடியில் ஸ்பொன்ஞ் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உப்புக்காற்று வீசும் ஊரில் இதற்குமேல் என்ன வேண்டும்? தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடித் தப்பிய வண்டிகளை இப்போது அலங்காரத்தால் சாகடிக்கிறோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தளம் இற்றால் வண்டியின் பலமே போய்விடும்.

பிறேக் விடயம் இன்னும் மோசம். பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால், பிறேக் ஒயில் பார்க்கவும் ஊற்றவும் தளத்திலுள்ள மூடியைத் திறக்கவேண்டும். அதன்மேல் காபெட்டைப் பசை பூசி ஒட்டிவிட்டால், அப்படியொரு மூடி இருப்பதையே அடுத்த உரிமையாளர் அறியமாட்டார். கியர்பெட்டி மூடியையும் ஒட்டி மறைக்கிறார்கள். கியர்பெட்டியைக் கழற்றும் நாளில் மெக்கானிக் அந்தக் காபெட்டைக் கத்தியால் அறுப்பார்; நான் அவர் பக்கம்தான். மேலும், பிறேக், கிளச் பெடல்கள் தளத்தைத் துளைத்து மேலே வருபவை. துவாரத்தை இறுக்கமாக வெட்டினாலோ, காபெட் தடிப்பாக இருந்தாலோ, பிறேக் பெடல் முழுவதும் மேலெழாமல் நின்று, மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் தேங்கி, மிதிக்காமலே பிறேக் பிடித்தபடி வண்டி ஓடும்.

பழையதன் மேல் புதியதைப் போடாதீர்கள். எல்லாவற்றையும் உரித்து, கறளைச் சுரண்டி, ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து, கறள்தடுப்புப் பூச்சு அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். அதன்பின் ஒருவர் வெளியே குழாயால் நீரடிக்க, மற்றவர் டோர்ச்சுடன் உள்ளே படுத்துப் பார்க்கட்டும். ஒழுக்கு நிற்கும்வரை காபெட் வாங்கக் கடைக்கே போகவேண்டாம். பக்கவாட்டுத் துண்டுகளுக்கு மட்டும் பசை போதும். தளத்துத் துண்டுகளைப் பிரஸ் பட்டனால் பொருத்தினால், மழைக்குப் பின் கழற்றி வெயிலில் போடலாம்.

ஆசன போல்ட்டுகளுக்காகக் காபெட்டில் ட்ரில்லை வைக்கவே கூடாது. அலகு ஒரு நூலைக் கவ்வினால் ஒரு வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். நைலோன் காபெட் என்றால் சூடான சோல்டரிங் அயன் முனையால் துளையிடுங்கள். விளிம்பு உருகி, நூல் பிரியாமல் இறுகிக்கொள்ளும்.

வண்டியை வேலைக்கு விடும்போது மாஸ்டர் சிலிண்டர் மூடி எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெரியாமல் விழிப்பவரிடம், அவர் எவ்வளவு மலிவாகச் செய்தாலும், தயவுசெய்து சாவியைக் கொடுக்காதீர்கள்.