‘தாராண்மைக் கலைகள்’ என்னும் பிழை

போன மாதம் ஒரு தகப்பனார் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுப்பிரசுரம். அமெரிக்காவில் உள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் படிப்பைப் பற்றியது. யாரோ தமிழாக்கி, திருகோணமலையில் ஒரு தேவாலய வாசலில் கொடுத்திருக்கிறார்கள். ‘தாராண்மைக் கலைகளும் செம்மொழி ஆசிரியர் பயிற்சியும்’ என்ற வரியின் கீழ் நீலப் பேனையால் இரண்டு தரம் கோடு இழுத்திருந்தது.

“சேர், தாராண்மை எண்டா காசு கட்டத் தேவையில்லையோ?” என்று கேட்டார். மகளுக்கு வேறு கவலை. “நான் கணிதப் பிரிவு, சேர். ஆர்ட்ஸுக்கு எப்பிடிப் போறது?” செம்மொழி என்றிருப்பதால் அங்கே தொல்காப்பியம் படிப்பிக்கப் பழக்குவார்கள் என்றும் நினைத்திருந்தாள்.

இரண்டு பேரும் தமிழைச் சரியாகத்தான் வாசித்தார்கள். ஆங்கிலத்தில் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்றிருப்பதைத் தமிழாக்கி எழுதியவர்தான் பிழையாக எழுதிவிட்டார்.

‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்ற சொல்லின் பிறப்பு சிக்கலானதல்ல. இலத்தீனில் லிபர் என்றால் அடிமை அல்லாதவர்; ஆர்ஸ் என்றால் கற்றுப் பழகிய திறமை. சுதந்திர மனிதனுக்குத் தகுந்த கல்வி என்பதால் இந்தப் பெயர் என்று உரோமத் தத்துவஞானி செனெக்கா தன் 88ஆம் கடிதத்திலேயே சொல்லிவிட்டார். பிற்காலத்தில் இவை ஏழு என்று நிலைத்தன. இலக்கணம், அளவையியல் (தர்க்கம்), சொல்வன்மை மூன்றும் திரிவியம்; எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் நான்கும் குவாட்ரிவியம். நம் பேச்சில் சொன்னால் முச்சந்தியும் நாற்சந்தியும். இலத்தீனிலும் அதே பொருள்தான்.

இனி ‘தாராண்மை’க்கு வருவோம். லிபரலிசம் என்ற அரசியல் கொள்கைக்குத் தாராண்மைவாதம் என்பது நம் அரசியல் பாடநூல்களில் ஊறிப்போன சொல். லிபரல் என்பது அரசியல் அணி ஒன்றின் பெயரானது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஏழு கலைகளின் பெயர் அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. பேரனின் பட்டப்பெயரைப் பாட்டனுக்குச் சூட்டுவதா? லிபரல் என்று எங்கே கண்டாலும் அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். தமிழ்க் காதுக்கோ தாராண்மை என்றதும் தாராளம்தான் கேட்கும். “தாராளமாய்ச் சாப்பிடுங்கோ” என்று இலையில் அள்ளிப் போடுகிற கை நினைவுக்கு வரும். அந்தத் தகப்பனாரின் காதில் விழுந்ததும் அதுதான்.

‘சுதந்திரக் கலைகள்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் நொண்டுகிறது. சுதந்திரம் கற்பவனுக்கு உரியது. இந்தச் சொல்லோ அதைக் கலையின் தலையில் வைக்கிறது. ‘கவின்கலைகள்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கேத்திரகணிதம் எந்தக் காலத்தில் நடனத்தோடும் ஓவியத்தோடும் சேர்ந்தது?

வெறுமனே ‘கலைப்பாடங்கள்’ என்றாலும் நம் ஊரில் தப்பாகிவிடும். உயர்தரத்தில் கலைப்பிரிவு, விஞ்ஞானப் பிரிவு என்று பிரித்துப் பழகிய பிள்ளைக்கு, கலை என்றாலே கணிதம் இல்லாத இடம். கலை என்ற சொல் அவ்வளவு ஒடுங்கிப்போனது பெரிய இழப்பு. ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணிய மொழி இது.

என் தெரிவு ‘எண்ணெழுத்துக் கலைகள்’. “எண்ணென்ப ஏனை எழுத்தென்ப இவ்விரண்டும் கண்ணென்ப வாழும் உயிர்க்கு” என்ற குறளை வைத்துப் பாருங்கள். முச்சந்தி மூன்றும் எழுத்தின் பக்கம், நாற்சந்தி நான்கும் எண்ணின் பக்கம். இசையும் கணக்கோடுதான் நிற்கிறது, ஏனென்றால் அந்தக் காலத்தவர் அதைச் சுருதிகளின் விகிதமாகப் படித்தார்கள். ‘அடிமையல்லாதவர்’ என்ற பொருள் இதில் வரவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், வரவில்லை. ஆனால் கேட்டவுடன் என்ன படிப்பு என்று விளங்குகிறது. விளங்காத மூலப்பற்றைவிட எனக்கு அது மேல்.

செம்மொழிப் பிழை இன்னும் மோசம். கிளாசிக்கல் என்றால் அந்தப் படிப்பில் கிரேக்க, உரோம மரபு. ‘கிரேக்க உரோமக் கல்விமரபில் ஆசிரியர் பயிற்சி’ என்று நீட்டி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அச்சுக்கூலி ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

கிறிஸ்தவக் கல்லூரியும் பரந்த படிப்பும் நமக்குப் புதியவை அல்ல. 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் தமிழோடு கணிதமும் வானியலும் படிப்பித்தார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பிறகு கலித்தொகையைப் பதிப்பித்தார். சொல்லாக்கத்துக்கும் நமக்கு வழிகாட்டி உண்டு: திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள், 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். இப்போது மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு சொல்லை அச்சுக்குக் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டுவதுகூட இல்லை.

பிரசுரத்தின் பின்பக்கத்தில் ஏழு பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன். மகள் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். “அப்ப கணிதம் இருக்கு. ஏ லெவல் ஆர்ட்ஸ் பிள்ளையள் செய்யிற அளவையியலும் இருக்கு” என்றாள். தகப்பனார், “அப்ப காசு?” என்றார். அந்தத் தாளில் கட்டணம் போட்டிருக்கவில்லை. கல்லூரிக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். கடிதத்தைத் தானே எழுதுவதாக மகள் சொன்னாள்.