பத்தாண்டு உழைத்தால் கிரீன் கார்டு என்று யார் சொன்னது?

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளாகத் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்தும் பழம் பறித்தும் பிழைத்துவரும் ஒருவர், குடிவரவு நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பாணையை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்திற்கு வந்தார். பண்ணைத் தொழிலாளர்களுக்கான பொதுமன்னிப்புக்குத்தான் விண்ணப்பித்ததாகவும், தன்னை ஏன் நீதிமன்றத்திற்கு அழைக்கிறார்கள் என்று விளங்கவில்லை என்றும் சொன்னார். அவர் பெயரில் அனுப்பப்பட்டிருந்தது ஐ-589, அதாவது புகலிட விண்ணப்பம். அதை நிரப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியவர், தயாரித்தவர் பெயருக்கான கட்டத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதே நிலையில் வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துதான் இதை எழுதுகிறேன்.

பண்ணையில் உழைத்த காரணத்திற்காக மட்டும் ஆவணமற்ற ஒருவருக்கு நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) வழங்கும் சட்டம் இன்று அமெரிக்காவில் நடைமுறையில் இல்லை. 1986இல் இருந்தது. அதிபர் ரீகன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் சிறப்புப் பண்ணைத் தொழிலாளர் பிரிவின்கீழ், 1986 மே 1 வரையிலான ஓராண்டில் 90 நாள் பயிர் வேலை செய்ததாகக் காட்டிய பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் பயனடைந்தார்கள். அவர்களுடைய உறவினர்களும் ஊர்க்காரர்களும் இன்றும் அதே வயல்களில் இருப்பதால், மறுபடியும் அப்படியொன்று வந்துவிட்டது என்று எவர் சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள். 2019இலும் 2021இலும் பிரதிநிதிகள் சபை பண்ணைத் தொழிலாளர் மசோதா ஒன்றை நிறைவேற்றியது உண்மைதான். ஆனால் இரண்டு முறையும் அது செனட் சபையைத் தாண்டவில்லை.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது 'பத்தாண்டுச் சட்டம்' என்ற பேச்சுதான். நன்கு படித்த தமிழ் நண்பர் ஒருவரே, தம் வீட்டுத் தோட்டத்தைப் பராமரிப்பவர் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டார், இனி விண்ணப்பித்துவிடலாம் அல்லவா என்று கேட்டார். கூடாது. பத்தாண்டு நிறைந்ததும் விண்ணப்பித்துப் பெறும் உரிமை என்று எதுவும் இல்லை. 'பத்தாண்டுச் சட்டம்' என்று பேசப்படுவது, ஏற்கெனவே நாடுகடத்தல் வழக்கில் நிற்கும் ஒருவர் குடிவரவு நீதிபதியிடம் மட்டுமே முன்வைக்கக்கூடிய தற்காப்பு. பத்தாண்டு தொடர்ந்து வாழ்ந்ததும் நன்னடத்தையும் அதன் தொடக்கம் மட்டுமே. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள கணவன் அல்லது மனைவி, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளை ஆகியோருள் ஒருவருக்கு, நாடுகடத்தலால் வழக்கமாக ஏற்படும் துன்பத்தைவிட மிக அசாதாரணமான துன்பம் நேரும் என்று நிரூபிக்கவேண்டும். பிள்ளையின் படிப்பு தடைப்படும், வருமானம் குறையும் என்பவை மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. தொழிலாளியின் சொந்தத் துன்பம் கணக்கிலேயே வராது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 4,000 பேருக்குத்தான் இந்த நிவாரணம் கிடைக்கும். தோற்றால் கையில் கிடைப்பது வெளியேற்ற ஆணை. புகலிட விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் கோப்பு குடிவரவு நீதிமன்றத்திற்குப் போகும் என்பதால், அதற்குள் நுழைவதற்காகவே ஒரு மனிதரைப் பொய்யான புகலிட விண்ணப்பத்தில் கையெழுத்திட வைப்பதை நான் மோசடி என்றே சொல்வேன்.

'ஆனால் வேலை அனுமதி அட்டை வந்ததே' என்பார்கள். புகலிட விண்ணப்பம் நிலுவையில் இருந்ததால் வந்த அட்டை அது. பண்ணை வேலைக்காக வந்ததன்று. நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் புகலிடம் கோரவேண்டும் என்பது பொதுவிதி. விதிவிலக்குகள் மிகக் குறைவு. விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் கோப்பு நேராக நீதிபதியிடம் போகும். தெரிந்தே பொய்க்காரணம் காட்டியதாக நீதிபதி முடிவு செய்தால், பிற்காலத்தில் எந்தக் குடிவரவுச் சலுகையும் பெறமுடியாத நிரந்தரத் தடை விழும்.

இப்படிப் படிவம் நிரப்பித் தரும் நோட்டரிகளைத் தொழிலாளர்கள் நம்புவதற்குப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம். மெக்சிகோவில் நோட்டாரியோ என்பவர் அரசு நியமிக்கும் மூத்த சட்டவல்லுநர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்திடுபவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பவர், அவ்வளவே. குடிவரவு வழக்கில் உங்களுக்கு ஆலோசனை சொல்லத் தகுதியுள்ளவர்கள் உரிமம் பெற்ற வழக்கறிஞரும், அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் அங்கீகரித்த பிரதிநிதியும் மட்டுமே. அவர்களிடமும் எழுத்து வடிவில் ஒப்பந்தம் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். அனுப்பப்படும் ஒவ்வொரு பக்கத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்திற்குத் தெரிவியுங்கள். அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், நீங்கள் வராமலேயே வெளியேற்ற ஆணை பிறப்பிக்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கே பிறந்த மகனுக்கு 21 வயதாகட்டும் என்று காத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மகன் மனுப் போடலாம். ஆனால் எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்து வந்தவர் விசாவுக்காகப் பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேறவேண்டியிருக்கும். ஓராண்டுக்குமேல் ஆவணமின்றி இருந்தவர் வெளியேறிய கணமே பத்தாண்டுத் தடை தொடங்கிவிடும். அதற்கு விலக்குக் கோரும்போது மகனின் துன்பத்தைக் காரணமாகக் காட்டமுடியாது. யோசனை கேட்காமல் யாரும் விமானம் ஏறவேண்டாம்.

உண்மையான நிவாரணம் வேறிடத்தில் இருக்கக்கூடும். மேற்பார்வையாளரின் பாலியல் வன்முறைக்கோ, மிரட்டலுக்கோ, கட்டாய வேலைக்கோ ஆளானவர் விசாரணைக்கு ஒத்துழைத்தால் யு விசாவுக்கோ டி விசாவுக்கோ தகுதி பெறலாம். யு விசா ஆண்டுக்கு 10,000 பேருக்கு மட்டும் என்பதால் காத்திருப்பு நீளும். இருந்தும், களத்தில் நடந்த கொடுமையைப் பற்றி எந்த நோட்டரியும் என் கட்சிக்காரர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்; நாளை ஒரு சட்டம் வந்தால், உழைத்த நாட்களுக்கு அவையே சான்றாகலாம். 1986இல் 90 நாளுக்குச் சான்று கேட்டார்கள்; 2021 மசோதா இரண்டாண்டுகளில் 180 நாளுக்குக் கேட்டது. உங்களுக்குத் தெரிந்த தொழிலாளி எவராவது ஒரு படிவத்தைக் காட்டினால், முதல் பக்கத்தில் 589 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இது புகலிட விண்ணப்பம் என்று அவருக்குத் தெரியுமா என அவர் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.