தழுவல் அன்று, தகவமைப்பு

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்காக நடந்த பயிற்சி ஒன்றின் அழைப்பிதழில், 'காலநிலை மாற்றத் தழுவல் பயிற்சி' என்று அச்சிட்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "மாற்றத்தைத் தழுவிக்கணும்னா, வர்றது வரட்டும்னு இருக்கச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். பயிற்சி கொடுக்க வந்தவர் விளக்க முயன்று, இறுதியில் அடாப்டேஷன் என்ற ஆங்கிலச் சொல்லிடமே தஞ்சம் புகுந்தார். அதன்பின் இதே தொடரைத் தொண்டி முதல் ஏர்வாடி வரை எத்தனையோ துண்டறிக்கைகளில் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அடாப்டேஷன் இலத்தீன் மூலத்தையுடையது. 'பொருந்திய' என்று பொருள்படும் ஆப்டுஸ் என்பதே அதன் வேர். உயிரியலில் ஓர் உயிர் தன் சூழலுக்கு ஏற்ற உடலமைப்பைப் பெறுவதை அது குறித்தது. காலநிலைத் துறையிலோ, வெப்பமும் கடல்மட்டமும் உயர்வதால் வரும் கேடு குறையும்படி மனிதர் தம் தொழிலையும் குடியிருப்பையும் மாற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையிலும் 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவிலும் இப்பொருளில்தான் வருகிறது.

தழுவு என்பது செயப்படுபொருள் குன்றாத வினை. எதைத் தழுவுகிறோமோ அது இரண்டாம் வேற்றுமை ஏற்கும்: குழந்தையைத் தழுவினாள், காளையைத் தழுவினான், புதிய சமயத்தைத் தழுவினார். எல்லா இடத்திலும் தழுவப்படுவது விரும்பி ஏற்கப்படுவது, அல்லது கைவிடாமல் பற்றப்படுவது. ஆகவே 'மாற்றத் தழுவல்' என்ற தொகையை விரித்தால் 'மாற்றத்தைத் தழுவுதல்' என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரையில், கடலின் சீற்றத்தைத் தழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்வது போன்றது அது. சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள் இது.

தகவமைப்பு என்ற சொல்லின் உள்ளே இருப்பது 'தகு' என்னும் வேர். அது நான்காம் வேற்றுமையோடு வரும். 'நிற்க அதற்குத் தக' என்று குறள் (391) சொல்லும்போது, கற்றது மாறாமல் இருக்க, கற்றவன் தன் நிலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறான். நமக்கு வேண்டிய கருத்து இதுவே: கடல் ஒருபுறம், அதற்குத் தக நடப்பவர் மறுபுறம். பள்ளி அறிவியல் நூலில் ஒட்டகத்துக்கும் தாமரைக்கும் தகவமைப்பு என்று படித்த பிள்ளைகளே இன்று அலுவலர்களாக இருந்து தழுவல் என்று எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காதது.

தழுவலுக்கு வாதாடுவோர், அயல்நாட்டுக் கதையை நம் மண்ணுக்கேற்ப மாற்றி எழுதுவதைத் தழுவல் என்கிறோமே, காலநிலைக்கு மட்டும் ஏன் ஆகாது என்பார்கள். அங்கே மாற்றப்படுவது கதை, எழுதுபவன் மாறுவதில்லை. இங்கே வெப்பத்தை நாம் மாற்றி எழுத முடியாது. மாற வேண்டியவர்கள் நாமே. வினைமுதலும் செயப்படுபொருளும் இடம்மாறிய பிறகு பழைய சொல்லை அப்படியே தூக்கிவந்து வைத்தால் பொருந்தாது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர், அச்சொல் எந்த உருபோடு வாழ்கிறது என்று ஒரு நொடி எண்ணியிருந்தால் இது நேர்ந்திராது. பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கைப் பாடநூல்களில் 'இசைவாக்கம்' என்கிறார்கள். அதில் பிழை காண மாட்டேன், இசைவதும் ஒன்றற்குத்தான்.

தகவமைப்பைப் பிரித்தும் சொல்லலாம் என்பது அதன் மற்றொரு சிறப்பு. பாசி குறைவது கண்ட இக்கரைப் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது தகவமைதல். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயை வறண்ட சீமையில் வெட்டி வைத்தது தகவமைத்தல். தன்வினை, பிறவினை என்ற இந்த வேறுபாட்டைத் தழுவல் காட்டாது.

இதனோடு ஒட்டி, டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர் என்பதற்கு வரும் 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்ற தொடரும் எனக்கு உடன்பாடில்லை. பரிமாற்றம் என்றால் இருவரும் கொடுத்து இருவரும் வாங்குவது. ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் நான்காம் பிரிவு சொல்வதோ, வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பம் கிடைக்கச் செய்ய வேண்டிய கடமை. 'தொழில்நுட்பக் கையளிப்பு' என்றால் யார் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது மறையாது. கையளித்ததையும் தகவமைக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் கடற்பகுதியைச் சேர்ந்த கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி, சுமார் 45 நாளில் அறுக்கும் முறை இங்கே வந்து பல குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. அதே பாசி மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நீர் மிகச் சூடான பருவங்களில் மிதவையிலேயே அழுகவும் செய்தது. மிதவையை எங்கே போடலாம், எந்த மாதத்தில் கட்டக் கூடாது என்பதையெல்லாம் நம் கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வந்ததை வந்தபடியே ஏற்பதற்கு வேண்டுமானால் தழுவல் என்று பெயர் வைக்கலாம்.

அடுத்த அழைப்பிதழில் 'மாறும் காலநிலைக்குத் தகவமைதல்' என்று அச்சிடட்டும். அந்தக் 'கு' உருபு இருந்தால், முன்வரிசை அம்மா அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிராது.