அழற்சிக் குறிப்பான் – சொல் விளக்கம்

விலங்குகளின் கொழுப்புக் கல்லீரல் நோய் பற்றிய ஆய்வுகளில் 'இன்ஃபிளமேட்டரி மார்க்கர்' என வழங்குவதற்கு நேரான தமிழ்ச்சொல் அழற்சிக் குறிப்பான். உடலில் அழற்சி உண்டா, எவ்வளவு கடுமையானது என்பதை இரத்தத்திலோ திசுவிலோ அளந்தறிய உதவும் பொருள் என்பது இதன் கருத்து. சிலர் எழுதும் 'குறியீடு' அளந்து பெறும் எண்ணுக்குப் பொருந்துமே அன்றி, இரத்தத்தில் ஓடும் புரதத்துக்குப் பொருந்தாது.

முயல் என்பதிலிருந்து முயற்சியும் சுழல் என்பதிலிருந்து சுழற்சியும் பிறந்ததுபோல, எரிதலைக் குறிக்கும் 'அழல்' என்பதிலிருந்து அழற்சி பிறந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கும் தீமூட்டுதல் என்பதே பொருள். முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய மருத்துவ நூலாசிரியரான செல்சஸ் அழற்சிக்குச் சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் என நான்கு அடையாளங்களைக் கூறினார். வீக்கம் அவற்றுள் ஒன்று மட்டுமே.

குமரி மாவட்டப் பேச்சிலோ அந்த ஒன்றே நான்குக்கும் நிற்கிறது. கறவை மாட்டின் மடி சிவந்து, சூடேறி, பால் திரிதிரியாக வந்தால் அது மடிவீக்கம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் காதில் விழும் மலையாளமும் அழற்சியை வீக்கம் என்றே சொல்வதால், இவ்வழக்கு அங்கு இயல்பாகவே நிலைக்கிறது. மடிக்கு இது போதும், கல்லீரலுக்குப் போதாது. கன்று ஈன்ற பசு, கறக்கும் பாலுக்கு ஈடாகத் தீனி எடுக்க இயலாமல் தன் உடற்கொழுப்பைக் கரைக்கும்போது, அக்கொழுப்பு கல்லீரலில் படிந்து, குறிப்பிடத்தக்க அழற்சி இல்லாமலே அதைப் பருக்கச் செய்யலாம். படிந்தது கொழுப்பு மட்டுமா, அழற்சியும் சேர்ந்ததா என்று பிரித்தறியவே குறிப்பான் தேவைப்படுகிறது; அதையே 'வீக்கக் குறிப்பான்' என்று எழுதினால் சோதனையின் நோக்கமே குழம்பிவிடும்.

எந்தப் பொருளை அளப்பது என்பது இனத்துக்கு இனம் மாறும். அழற்சியின்போது இரத்தத்தில் உயர்வதாக மனிதரிலும் நாயிலும் நம்பப்படும் சி-ரியாக்டிவ் புரதம் மாட்டிலும் சுண்டெலியிலும் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. சுண்டெலியில் சீரம் அமைலாய்டு ஏ, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 ஆகிய புரதங்களை எலிசா என்னும் எதிர்ப்பொருள் சோதனை முறையில் அளப்பர். மாட்டில் முதன்மையானது ஹாப்டோகுளோபின். ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், பற்றுதல் என்னும் கிரேக்க வேரிலிருந்து பெயர் பெற்றது. நலமான பசுவில் மிகக் குறைவாகவே இருக்கும் இப்புரதம் அழற்சியின்போது பன்மடங்கு பெருகும். ஆயினும் மடி அழற்சியிலும் கருப்பை அழற்சியிலும் இது உயர்வதால், ஈன்ற பசுவில் அந்த எண் மட்டும் கல்லீரலைச் சுட்டாது. ஊசியால் எடுத்த கல்லீரல் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்வர்.