ஆணி ஏறிய டயரைக் கழற்றிப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது

கார் டயரில் ஆணி ஏறினால் கொழும்பில் அநேகம் பேர் செய்வது ஒன்றுதான். வீதியோரக் கடையில் நிறுத்துவோம், கடைக்காரர் ஆணியைக் குறட்டால் இழுத்தெடுத்து, ஓட்டையைக் குடைந்து, பசை தடவிய ரப்பர் கீலம் ஒன்றைக் குத்தி ஏற்றிவிட்டு, நீட்டிக்கொண்டு நிற்கிற நுனியை வெட்டிவிடுவார். கொஞ்ச நேர வேலை. ஆனால் டயரை ரிம்மில் இருந்து கழற்றவே இல்லை. எனக்குக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் அந்த டயரை ஒட்டலாமா எறியவேண்டுமா என்று சொல்லும் அடையாளங்களில் பாதி உள்ளேதான் இருக்கின்றன.

ரியூப் இல்லாத டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெளியில் தெரிகிற தடித்த ரப்பர் இல்லை, உட்பக்கம் முழுக்க ஒட்டியிருக்கும் மெல்லிய பியூட்டைல் ரப்பர் படலம். களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வெட்டி எடுக்கிறோமே, அந்த இயற்கை ரப்பர் நல்ல உறுதியானது, ஆனால் அதனூடாகக் காற்று மெதுவாகக் கசிந்து போய்விடும். 1937இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பியூட்டைலில் அந்தக் கசிவு பல மடங்கு குறைவு. படலத்துக்கு மேலே பொலியெஸ்டர் நூல் அடுக்கு, அதற்கும் மேலே, தரையில் உருளும் பகுதிக்கு அடியில் மட்டும், உருக்குக் கம்பிப் பட்டிகள். ஆணி இத்தனையையும் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்கும். வெளியில் இருந்து குத்திய கீலம் காற்றை நிறுத்தும், சரி. ஆனால் உள்படலத்தில் விழுந்த ஓட்டை மூடப்படவில்லை, அதனால் காற்றும் ஈரமும் அடுக்குகளுக்கு இடையே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கலாம். துருப்பிடித்த கம்பியில் ரப்பர் ஒட்டி நிற்காது. அப்படி விட்டுப்போன பட்டி, மாத்தறை அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும்போது பிரிந்தால் காரைப் பிடித்து நிறுத்துவது மிகவும் கஷ்டம்.

முறையான ஒட்டு உள்ளே இருந்து போடுவது. டயரைக் கழற்றி, ஓட்டையைச் சுற்றிப் படலத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காளான் வடிவில் இருக்கிற ஒட்டை உள்ளிருந்து இழுத்துப் பொருத்துவார்கள். தண்டு ஓட்டையை நிரப்பும், குடை படலத்தை மூடும். ஓட்டை 6 மில்லிமீற்றருக்கு மேற்படாமல், தரையில் படும் பகுதியின் நடுவில் இருந்தால் இது தாராளமாகப் போதும். 2022இல் ரூபாய் சரிந்ததில் இருந்து புது டயர் என்றாலே நெஞ்சு பதறுகிற நாட்டில், இப்படி ஒட்டக்கூடிய டயரை எறியச் சொல்வதும் அநியாயம்தான்.

பக்கச்சுவர் என்றால் கதை வேறு. அங்கே உருக்குப் பட்டி இல்லை, எடையைத் தாங்குவது நூல் மட்டுமே, அதுவும் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் தரைக்கு நேரே வரும்போது வளைந்து, பிறகு நிமிரும். சாதாரண கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீற்றர், கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், அப்படியென்றால் ஒரு பயணத்துக்கே இரண்டு இலட்சம் தடவைக்கு மேல் வளைகிறது. அறுந்த நூலை எந்த ஒட்டும் திரும்பச் சேர்க்காது. பக்கச்சுவரிலும் அதை ஒட்டிய தோள்ப்பகுதியிலும் ஓட்டை விழுந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காதது இன்னொன்று: காற்று இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினோம் என்பது. "பக்கத்துக் கடை வரைக்கும்தானே அண்ணே" என்று காலி வீதி நெரிசலில் உருட்டிக்கொண்டு போகும்போது பக்கச்சுவர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, அளவுக்கு மீறி வளைந்து, சூடேறி, உள்ளே உரிய ஆரம்பிக்கிறது. ஓட்டை நடுவில், சின்னதாக இருந்தாலும் அந்த டயர் முடிந்த மாதிரித்தான். காற்றடித்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. கழற்றினால்தான் உள்ளே கறுப்பு ரப்பர் தூளும் பக்கச்சுவரைச் சுற்றி உராய்ந்த வளையமும் தெரியும். ஆகவே ஆணி குத்தியிருந்தும் காற்று முழுதாக இறங்கவில்லை என்றால் அதைப் பிடுங்க வேண்டாம், அநேகமாக ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். காற்றடித்துக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போகலாம். முழுதாக இறங்கிவிட்டால் நின்ற இடத்திலேயே ஸ்பெயாரை மாட்டுங்கள்.

கழற்றின கையோடு தேய்மானத்தையும் பாருங்கள். வரிப்பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர், ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் ஒட்டுக்குக் கொடுக்கிற காசு வீண். பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம்.

புதிதாக இரண்டு டயர் வாங்கினால் அவற்றைப் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள், முன்சக்கரங்களால் இழுக்கிற கார் என்றாலும்கூட. மழைத் தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.